தர்முஜியின் இடது கட்டைவிரல்

பாக் தர்முஜியின் இடுப்பில் முப்பத்திரண்டு சாவிகள் தொங்கிய காலத்தில், அவர் வருவது சந்து முனையிலேயே கேட்கும். கொத்தின் கனத்தில் சாரம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அவரும் இழுத்து விட்டுக்கொண்டே நடப்பார். இந்தோனேசியாவின் சுரபாயாவில் எங்கள் பெண்கள் விடுதிக்குக் காவல் அவர்தான். அங்கே மரியாதைக்கு ஆணைப் 'பாக்' என்போம், பெண்ணை 'இபு' என்போம். குழாய் ரிப்பேர், கரப்பான் பூச்சி அடிப்பது, காதலன் விட்டுப்போய் அழுகிற பெண்ணுக்கு டீ வாங்கி வந்து நீட்டுவது எல்லாமும் அவர்தான். நான் அங்கே பதினோரு வருஷம் இருந்தேன். பெற்ற அப்பாவோடு போட்டதைவிட அவரோடு போட்ட சண்டைதான் அதிகம்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் வேன் கண்டக்டர். படியில் தொங்கிக்கொண்டு ஊர் பேரைக் கூவிக் கூவி, மெதுவாகப் பேசுவதே மறந்துபோன மனுஷன். ரகசியம் சொன்னால்கூட எதிர்வீட்டு நாய் எழுந்து பார்க்கும். தினம் சாயங்காலம் இரண்டு மாடியும் ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்.

"சாப்பாடாச்சா?"

"ஆச்சு பாக்."

பதில் வந்தால்தான் அடுத்த கதவு. குளித்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டார். ஒரு தடவை தலையில் சோப்பு நுரையோடு நான் கத்தினேன்: "பாக், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" "இதான் வேலை ருக்மிம்மா" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

புதிதாக வந்த ஒரு பெண், வக்கீல் ஆபீஸில் வேலை, ஒரு கடிதம் எழுதினாள். பெண்கள் இருக்கும் மாடிக்கு ஆண் ஏறி வருவது சரியில்லை என்று. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். ஆமாம், நானும்தான். யார் வற்புறுத்தியும் இல்லை. அன்றைக்குத் தலைவலி, அவர் தட்டல் எரிச்சலாக இருந்தது, போட்டுவிட்டேன்.

விடுதிக்குச் சொந்தக்காரி இபு ஹர்தினி ஊரின் மறுகோடியில் இருந்தார். அடுத்த வாரமே ரேகை மிஷின் வந்தது. வாசல் கதவுக்கு வெளியே சுவரில் ஒரு சோப்புப் பெட்டி அளவுக்கு இருக்கும். விரலை வைத்தால் ஒரு பெண் குரல் "நன்றி" என்று சொல்லிக் கதவைத் திறக்கும். பிடிக்காவிட்டால் "மறுபடி முயலவும்." உள்ளே இருந்து வெளியே போக ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பது தர்முஜி அறைக் கம்ப்யூட்டரிலும் இபுவின் போனிலும் பட்டியலாக விழும். சாவிக்கொத்து இபுவின் வீட்டு அலமாரிக்குப் போனது. தர்முஜி இனி மாடிப்படியில் கால் வைக்கக்கூடாது.

அவர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பட்டியல் அவரைப் பிடித்துக்கொண்டது. நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலையில் மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பார். "ருக்மிம்மா, நேத்து ஒன்பது ஐம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா இபு கத்தியிருப்பாங்க." பத்து மணிக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது விடுதிச் சட்டம்.

"தட்டித் தட்டிக் கேட்டேனே, எத்தனை முட்டாள் நான்" என்பார். "இது உக்காந்த இடத்துலயே சொல்லுது பாருங்க. மனுஷனாவது பொய் சொல்வான்."

நோன்புப் பெருநாளுக்கு மூன்று மாசம் முன்னால் யுஸ்தினா வந்தாள். ஃப்ளோரஸ் தீவில் எண்டே ஊர்க்காரி, இருபத்திரண்டு வயது, கூரியர் கிடங்கில் வேலை. வாசலுக்கு நேர் மேலே இருந்த முதல் மாடி அறை அவளுக்கு. நல்ல பெண். ஒரே தொல்லை, அவளுக்கு எந்நேரமும் உள்ளங்கை வேர்க்கும். பேனா வழுக்கும், கொடுக்கிற காகிதம் நனையும். பேசும்போதெல்லாம் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

ரேகை பதிய அவளை மிஷின் முன்னால் நிறுத்தினார் தர்முஜி. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பத்துக்கும் "மறுபடி முயலவும்."

"துடைச்சிட்டு வைம்மா."

"துடைச்சிட்டுத்தான் பாக் வைக்கிறேன்."

"பவுடர் போடு."

பவுடர் போட்டாள். அது மாவாகி மிஷின் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. "மறுபடி முயலவும்" என்றது அந்தக் குரல், கொஞ்சமும் சலிக்காமல். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் பேரே 'மறுபடி'. வைத்தது நான். "ஏ மறுபடி, சாப்பிட்டியா?" என்று விடுதியே கூப்பிட்டது. அவளும் சிரிப்பாள், கையைத் துடைத்துக்கொண்டே.

பட்டியலில் ஒரு பேருக்கு ரேகை இல்லாமல் இருந்தால் இபு போனிலேயே குதிப்பார். மிஷின் மாட்டியவனைக் கூப்பிட்டால் நாளைக்கு நாளைக்கு என்றான். தர்முஜி ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குப் பதிந்திருந்தது வலது ஆள்காட்டி விரல். மற்ற ஒன்பதும் சும்மாதானே இருக்கின்றன? யுஸ்தினா பேரில் தன் இடது கட்டைவிரலைப் பதிந்துவிட்டார்.

"நீ வந்ததும் குரல் குடு. நான் வாசல் பெஞ்சுலதானே உக்காந்திருக்கேன். வந்து வைக்கிறேன். பட்டியல்ல உன் பேரு விழும், இபு வாய் மூடும்."

"யாருக்காவது தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? என் விரல் உனக்குச் சித்தப்பா முறைன்னு சொல்லு."

தினமும் அப்படித்தான் நடந்தது. அவள் கேட்டருகே வரும்போதே அவர் எழுந்து, புகைந்துகொண்டிருக்கும் கிராம்பு சிகரெட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கட்டைவிரலை வைப்பார். "நன்றி." அவள் தலை குனிந்து உள்ளே போவாள். எங்களுக்கு அது பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அவருக்கு, பாவம், அதைவிடப் பழகிவிட்டது.

பெருநாள் வந்தது. சுரபாயாவே பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் நாட்கள். தர்முஜி வாசலில் தென்னங்குருத்துகளைப் பரப்பிக்கொண்டு, கெத்துப்பாட் சோறு வேகவைக்கக் கூடு பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே கத்தியை இழுத்தார். வலது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து கணுவரை பிளந்துவிட்டது. நான்தான் மருந்து வைத்துத் தடிமனாகக் கட்டுப் போட்டேன்.

என் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தவள் யுஸ்தினா. அவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், பெருநாளுக்கு ஊருக்குப் போவதில்லை. முப்பது அறைக்காரர்களும் கிளம்பிய பிறகு அந்தக் கட்டடத்தில் மிச்சம் மாடியில் அவள், கீழே தர்முஜி. பெட்டியை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. சுட்டது.

"காய்ச்சலாடி?"

"லேசா. மாத்திரை போட்டிருக்கேன்க்கா."

"தூங்கு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். எங்கள் ஊர் பிளிட்டாரில் எனக்காக அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள். அதற்கு மேல் அந்தப் பெண்ணை நான் நினைக்கவில்லை.

இனி நடந்ததை தர்முஜியே என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார்.

பெருநாள் காலை தொழுகை முடிந்து வந்ததும் படியடியில் நின்று மேலே பார்த்துக் கூவினார். "யுஸ்தினா! தெரிஞ்சு செஞ்சது தெரியாம செஞ்சது எல்லாம் மன்னிச்சிரும்மா!" அன்றைக்கு எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். பதில் இல்லை. காதில் பாட்டு மாட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கெத்துப்பாட் நாலைந்தைப் பையில் போட்டுப் படிக்கம்பியில் தொங்கவிட்டார். அதற்கு மேல் ஏறக்கூடாது; இபுவின் சட்டம்.

அன்று சாயங்காலம் எண்டேயிலிருந்து அவள் அம்மா ரொஃபினாவின் போன் வந்தது.

"பாக், என் பொண்ணு போன எடுக்க மாட்டேங்குறா. முந்தாநாள் காய்ச்சல்னு சொன்னா. கொஞ்சம் பாருங்க."

தர்முஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பயப்படாதீங்க இபு. இப்பத்தான் அஞ்சு ஐம்பத்தஞ்சுக்கு உள்ள வந்திருக்கா. நல்லா நடமாடிட்டுத்தான் இருக்கா. சார்ஜ் இருக்காது."

அந்த அம்மா அழுதே விட்டாளாம். "உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

மறுநாள் அதே நேரம் மறுபடி போன். "இன்னும் எடுக்கலையே பாக்?"

"இருங்க, பாத்துச் சொல்றேன். இன்னைக்கு விடிகாலை நாலு நாற்பத்தொண்ணுக்கு வந்திருக்கா."

"நாலு நாற்பத்தொண்ணா? எங்க போயிட்டு?"

"அது மிஷின் சொல்லாதே இபு. அப்புறம் பதினொண்ணு ஐம்பத்தெட்டு. மூணு பதினேழு. இப்ப சாயங்காலம் அஞ்சு ஐம்பத்தாறு. நேத்து ராத்திரி ஏழு பத்துக்கு ஒண்ணு."

ரொஃபினா சொன்னாள்: "காய்ச்சல்னு என்கிட்ட சொல்லிட்டு விடிகாலைல இருந்து ஊர் சுத்துறாளா? எவன் கூட சுத்துறா?"

"சின்னப் பொண்ணு இபு, லீவு நாளு..."

"பெத்தவ போன எடுக்க நேரமில்ல, ஊர் சுத்த நேரமிருக்கா? சொல்லுங்க அவகிட்ட. இனி நான் கூப்பிட மாட்டேன். அவளாக் கூப்பிடுற வரைக்கும் எனக்குப் பொண்ணே இல்ல."

தர்முஜி வாங்கிய சொல்லை வைத்துக்கொள்ளத் தெரியாதவர். படியடியில் போய் நின்று, கண்டக்டர் குரலில் கூவினார்: "யுஸ்தினா! உங்கம்மா பயங்கரக் கோவத்துல இருக்காங்க! போன் பண்ணு!"

கெத்துப்பாட் பை கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தார். வெளியே நல்லதாகச் சாப்பிடுகிறாள்போல, நம் சோறு எதற்கு என்று நினைத்தாராம். மிஷின் ஒன்று சொல்ல, சோற்றுப் பை வேறொன்று சொன்னால், அந்த மனுஷன் யாரை நம்புவார்? மிஷினைத்தான்.

அதற்கு அடுத்த நாள் பதினொன்றரை மணிக்கு நான் திரும்பி வந்தேன். ஆபீஸில் அவசர வேலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியில் எழுந்தார்.

"ருக்மிம்மா, உங்க மறுபடிக்கு இறக்கை முளைச்சிருச்சு. வந்து பாருங்க கூத்த."

ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கூத்து என்றதும் எனக்கும் ஆசை. குனிந்து படித்தேன். பட்டியல் முழுக்க யுஸ்தினா, யுஸ்தினா, யுஸ்தினா. நாலு நாற்பத்தொன்று. பதினொன்று ஐம்பத்தெட்டு. மூன்று பதினேழு. அஞ்சு ஐம்பத்தாறு. ஏழு பத்து. தினமும் ஐந்து. பெருநாளன்று மட்டும் ஆறு, காலை ஏழு நாற்பதுக்கு ஒன்று கூடுதல்.

அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். தர்முஜி தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார்.

"சரி, நான் தொழுதுட்டு வந்துர்றேன். ஒரு கால் மணி நேரம்."

நான் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக், நேத்து மதியம் லுஹர் தொழுதுட்டு எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"வழக்கம்போலத்தான். பன்னெண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"பெருநாள் தொழுகை முடிஞ்சு?"

"ஏழரை, ஏழு நாற்பது. ஏன்?"

"இந்தப் பட்டியல்ல உங்க பேரு எங்க பாக்? மூணு நாளா ஒரு தடவைகூட இல்லையே?"

அவர் சிரித்தார். "அதெப்படி இல்லாமப் போகும்? நான் காத்தாடி மாதிரி வெளிய போய் உள்ள வந்துட்டிருக்கேன்."

நான் அவர் வலது கையைப் பார்த்தேன். நான் போட்ட கட்டு, அழுக்காகி, அப்படியே இருந்தது.

"கதவைத் திறங்க பாக்."

"பாங்கு சொல்லியாச்சும்மா..."

"திறங்கன்னா திறங்க!"

என் குரலைக் கேட்டு மிரண்டுபோய்க் கதவுக்கு நடந்தார். யோசிக்கவே இல்லை. இடது கை தானாக எழுந்தது, கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. "நன்றி" என்றது மிஷின். அதன் குட்டித் திரையில், கண்ணாடி இல்லாமல் அவர் என்றைக்குமே படித்திராத சின்ன எழுத்தில், பேர் வந்தது. யுஸ்தினா.

நான் அதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் படியில் தொங்கிக் கூவிய மனுஷன், ஒரு சொல்கூட வராமல் நின்றார்.

பிறகு ஓடினார். கால் வைக்கக்கூடாத படியில் மூன்று மூன்று படியாக ஏறினார். சாவி இபுவின் அலமாரியில். தோளால் மோதினார். ஐந்தாவது மோதலில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்தது.

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். உதடு வெடித்து, ஈறில் ரத்தம் காய்ந்து, கையெல்லாம் சிவப்புப் புள்ளி. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று காலியாக உருண்டு கிடந்தது. போன் மேஜைமேல், அவள் எட்ட முடியாத உயரத்தில், செத்துக் கிடந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். காய்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் கை காய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

உயிர் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் காரில் போட்டுக்கொண்டு போனோம். தர்முஜி முன் சீட்டில், மடியில் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டு. அவள் தலை என் மடியில். பாதி வழியில் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, கீழ மிஷின் 'நன்றி, நன்றி'ன்னுச்சு. யாரோ வந்துட்டாங்க, மேல வருவாங்கன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் நினைச்சேன்."

"பேசாதடி. இதோ வந்தாச்சு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி முனகினாள். குனிந்து காதை வைத்தேன்.

"அம்மாவுக்கு ஏன்க்கா கோவம்? நான் என்ன பண்ணேன்?"

முன் சீட்டில் தர்முஜி அதைக் கேட்டார். அவர் முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது குலுங்கவும் இல்லை, அசையவும் இல்லை.

டெங்கு. தீவிரப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். அதற்கு மேல் அவள் யாரோடும் பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் எங்களைத்தான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

இபு ஹர்தினி வந்து, எல்லாம் அந்த ஆள் செய்த மோசடி, வேலையைவிட்டு நிறுத்துகிறேன் என்றார். ஊரிலிருந்து திரும்பிய முப்பது பெண்களும் கூடத்தில் நின்றோம். அவர் போனால் நாங்களும் போகிறோம் என்றேன். அன்றைக்குப் பேசுவதற்கு எனக்கு நாக்கு இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது எங்கே போயிருந்ததோ. சாவிக்கொத்து அன்றே அவர் இடுப்புக்குத் திரும்பியது. இப்போதும் ஐந்து வேளைத் தொழுகை முடிந்ததும் மாடி ஏறி வருகிறார். தட்டுகிறார். சாப்பாடாச்சா என்று கேட்பதில்லை. எதுவுமே கேட்பதில்லை. தட்டிவிட்டு நிற்கிறார். "இருக்கேன் பாக்" என்று சொன்னால் அடுத்த கதவுக்கு நகர்கிறார். விடிகாலை நாலே முக்காலுக்குத் தட்டினாலும் ஒருத்தியும் முணுமுணுப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ரொஃபினா வந்த நாளைப் பற்றி. பெருநாள் கூட்டத்தில் விமானத்தில் இடம் கிடைக்காமல், எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவளால் வர முடிந்தது. விரல் விஷயம் எல்லாவற்றையும் போனிலேயே நான் அவளிடம் சொல்லியிருந்தேன். கறுப்பு உடையில், மகளைப்போலவே ஒல்லியாக, கேட்டுக்குள் நுழைந்தாள். ஊர் முழுக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது. தர்முஜி பெஞ்சைவிட்டு எழுந்தார். அந்த வாசகம் அவர் வாய்க்கு வரவில்லை. எப்படி வரும்? அந்த வாரம் அதைக் குழந்தைகள்கூட மிட்டாய்க்காகச் சொல்லிக்கொண்டிருந்தன.

"தர்முஜி நீங்களா?"

"நான்தான் இபு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவரும் அதற்குத்தான் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"எந்த விரல்?" என்று கேட்டாள்.

அவர் இடது கையை நீட்டினார். அவள் அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ரேகை ரேகையாக வெகுநேரம் பார்த்தாள். அவள் விடவில்லை.

"இதுகிட்டயா நான் கோவிச்சுக்கிட்டேன்?" என்றாள்.